கபடிப் போட்டி வைத்துப் பணம் திரட்டினால் எங்கள் ஊர்ப் பையன்களின் சண்டை நிற்குமா?

தம்பி கேட்டிருப்பது இது. பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு விசைத்தறி ஊர். போன வருடம் மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது ஒருவன் காலை இன்னொருவன் மிதித்துவிட்டான். அங்கே ஆரம்பித்த வாய்த்தகராறு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வளர்ந்து பத்தாம் நாள் கத்தியில் போய் முடிந்தது. ஒரு பையனுக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை. மூன்று பேர் மேல் வழக்கு. இப்போது ஊர் நற்பணி மன்றம் ஒரு மின்னொளி கபடிப் போட்டி வைத்து, அதில் வரும் பணத்தைக் கொண்டு இளவட்டங்களை வம்பு வழக்கிலிருந்து விலக்க நினைக்கிறது. எப்படி வசூல் செய்வது, பணத்தை எதில் போடுவது, சட்டச் சிக்கல் ஏதாவது வருமா என்பது கேள்வி.

நான் ஈரோடு, திருப்பூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகும் கோபி பக்கம் ஒரு மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதிரிப் போட்டிகள் நிறைய நடத்தியிருக்கிறேன், இரண்டு மூன்று கெட்டும் போயிருக்கின்றன. தாராளமாகப் போட்டி வையுங்கள். அதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: அணியை எப்படிப் பிரிப்பது, பணம் யார் கைக்குப் போவது. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் சில்லறை வேலை. தப்பாக அமைந்தால், எவ்வளவு வசூலானாலும் அடுத்த நோம்பிக்கு அதே சண்டை வரும்.

முதலில் அணி. எங்கள் பக்கம் ஒரு வருடம் தெருவுக்கு ஓர் அணி என்று நோட்டீஸ் அடித்துவிட்டோம். கூட்டமான கூட்டம். வசூலும் நன்றாக இருந்தது. இறுதியாட்டத்தில் மோதியது எந்த இரண்டு தெருக்கள் தெரியுமா? ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தெருக்கள். நம் ஊர்களில் தெரு என்றால் பாதி இடத்தில் சாதி என்றுதான் அர்த்தம், அதை மூடி மறைத்துப் பேசிப் பயனில்லை. பாடிப் போனவன் போனஸ் கோட்டைத் தாண்டினானா இல்லையா என்ற ஒரே புள்ளிக்கு நடுவர் விசிலை ஊதிவிட்டு நிற்கிறார், சுற்றி நின்ற நானூறு பேரும் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள். 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தோம். அன்று ராத்திரி இரண்டு பையன்களுக்கு மண்டையில் தையல். அந்தப் போட்டியை வைத்தது நான்தான்.

இதையே ஒழுங்காக ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் 14 முதல் 30 வயது வரையிலான 1,261 பேரை வைத்து கிரிக்கெட் லீக்குகள் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதிப் பையன்கள், சில அணிகளில் கலந்து. எல்லாம் குலுக்கிப் போட்டுப் பிரித்தது. 2021-ல் அந்த ஆய்வு வெளியானது. கலந்த அணியில் தோளோடு தோள் நின்று ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது, தன் சாதிக்காரனையே தூக்கிப் பிடிப்பது குறைந்தது. அடுத்த சாதிக்காரனை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான விளைவு. விளையாட்டு எல்லோரையும் சேர்த்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஒரே பக்கம் நின்றால்தான் சேர்க்கிறது. எதிரெதிரே நிறுத்தினால் இருக்கிற பகையை இன்னும் உரம் போட்டு வளர்க்கிறது.

அதனால் உங்கள் ஊரில் இரண்டு ஆட்டம் வேண்டும். ஒன்று, உள்ளூர் லீக். எட்டு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. அணியாகப் பேர் கொடுக்க விடாதீர்கள். ஒவ்வொரு பையனும் தனித்தனியாக வந்து பேர் கொடுக்கட்டும். வயதையும் எடையையும் பார்த்து நாலு பிரிவாக்கி, பேரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். 'மாமா பையன் கூடத்தான் ஆடுவேன்' என்று அழுத்தம் வரும். அசைந்து கொடுக்காதீர்கள். தறிக் குடோனில் தங்கியிருக்கும் வடமாநிலப் பையன்களையும் சேருங்கள். 2023 மார்ச்சில் அவர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோ பரவியபோது திருப்பூர் எப்படிப் பதறியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நீங்கள். கபடி அவர்களுக்கும் தெரிந்த ஆட்டம்தான், மொழி பெரிய தடையாக இருக்காது.

பனியன் நிறத்தில் கவனம். கட்சி நிறம், சாதிச் சங்க நிறம் எதுவும் கூடாது. நாங்குநேரியில் சாதிப் பகையால் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. அதே விதியைக் கோட்டுக்குள்ளும் வையுங்கள்: கயிறு, வளையம் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கபடியில் காயம் ஆகும் என்ற காரணமே போதும், சாதிப் பேச்சை எடுக்கவே வேண்டியதில்லை.

கலந்து போட்டால் என்ன நடக்கும் என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். எங்கள் மைதானத்துக்கு ஒரு பையன் தறி வேலை முடிந்து ராத்திரி எட்டரைக்கு வருவான், தலையெல்லாம் பஞ்சு. அவனுக்கு இடது கார்னர் கொடுத்தோம். கார்னருக்கு அடுத்த 'இன்' என்ற இடத்தில் நிற்பவன், ஆறு மாதம் முன்பு பேருந்து நிறுத்தத்தில் இவனோடு அடித்துக்கொண்டவன். பிடிக்கிற பக்கம் கையைக் கோத்துச் சங்கிலியாக நின்றால்தான் பாடி வரும் ரைடரை மடக்க முடியும், இது கபடி பார்த்த எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் அவன் கையைப் பிடிக்கவில்லை. பனியன் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றான். ரைடர் அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொரு முறையும் அதே வழியில் உடைத்துக்கொண்டு போனான். அணி தோற்றது. இரண்டாவது வாரம் மணிக்கட்டு. நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ரைடர் பாடிக்கொண்டு உள்ளே வரும்போது பார்க்கிறேன், இரண்டு பேர் விரலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கிறது, முட்டி வெளுத்துப் போகும் அளவுக்கு. அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நோம்பியில் ஒருவனைப் பற்றி ஸ்டேட்டஸ் வந்தபோது இன்னொருவன் போன் போட்டு 'கம்முனு இரு, நான் பேசிக்கறேன்' என்றான்.

இரண்டாவது ஆட்டம், நீங்கள் நினைக்கும் மின்னொளி போட்டி. அதற்கு வெளியூர் அணிகளைக் கூப்பிடுங்கள். அது வசூலுக்கு. உங்கள் ஊர்ப் பையன்கள் அதை நடத்துகிறவர்களாக இருக்கட்டும். லீக்கில் உருவான அதே கலந்த அணிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஓர் அணிக்குக் கோடு போடுவதும் மண் பதப்படுத்துவதும், ஓர் அணிக்குச் சாப்பாடு, ஓர் அணிக்கு வண்டி நிறுத்தம், ஓர் அணிக்கு ஸ்கோர்.

சரி, பணம். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 32 அணி, நுழைவுக் கட்டணம் 500 என்றால் 16,000 ரூபாய். நம் பக்கத்து நோட்டீஸ் மாதிரி 20,000, 15,000, 10,000, 10,000 என்று நாலு பரிசு அறிவித்தால் 55,000. விளக்கு, ஜெனரேட்டர், மைக் செட், நடுவர்கள், சாப்பாடு எதையும் சேர்க்காமலே 39,000 ரூபாய் குறைகிறது. போட்டி நடத்தினால் தானாகப் பணம் வந்துவிடாது. போட்டி என்பது ஊரை ஓரிடத்தில் கூட்டும் ஏற்பாடு, பணம் கூடிய கூட்டத்திடமிருந்து வர வேண்டும். பரிசைக் குறையுங்கள். ஒவ்வொரு பரிசுக்கும் கோப்பைக்கும் ஓர் உபயதாரரைப் பிடியுங்கள். பெரிய அணிகள் சில வராமல் போகும், போகட்டும்.

கொடுக்க மனம் உள்ள பூமிதான் இது. கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்து பல பத்தாண்டுகளாக உள்ளூர்த் தொழில்காரர்கள் ஆதரவில் நடக்கிறது. கோவை மாரத்தான் 2013-லிருந்து புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட ஓடுகிறது. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய கையோடு, தான் படித்த பள்ளிக்குப் பரிசுப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார். சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் இந்திய அணிக்கு ஆடி வந்த பணத்தில் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார், 2023-ல் அது திறக்கப்பட்டது. கேட்கிற முறையில் கேட்டால் கொடுப்பார்கள்.

எவ்வளவு கேட்பது? அதற்கு, எதில் செலவு செய்யப் போகிறோம் என்று தெரிய வேண்டும். இங்கே அமெரிக்காவின் சிகாகோவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'பிகமிங் எ மேன்' என்று ஒரு திட்டம். 2009-10 கல்வியாண்டில் 18 பள்ளிகளில் 2,740 பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி விட்ட பிறகு மல்யுத்தம், வில்வித்தை மாதிரி விளையாட்டு. அதோடு வாரம் ஒரு முறை சின்னக் குழுவாக உட்கார்ந்து, கோபம் வரும்போது ஒரு கணம் நின்று யோசிக்கும் பயிற்சி. திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்தது. திட்டம் முடிந்த பிறகு அந்தக் கைது விஷயத்தில் அதே அளவு பலன் நீடிக்கவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, விளையாட்டோடு கூட ஒரு பெரியவர் வாரா வாரம் அந்தப் பையன்களோடு உட்கார வேண்டும், அதை நிறுத்தவும் கூடாது. கோப்பைக்கும் பேனருக்கும் போகும் பணம் மறுநாள் காலையில் காணாமல் போய்விடும். பயிற்சியாளருக்குப் போகும் பணம்தான் அடுத்த வருடம் வரை ஊரில் நிற்கும்.

ஆக உங்கள் இலக்கை ஒரு வருடச் செலவாக வையுங்கள். உதாரணத்துக்கு, பகுதி நேரப் பயிற்சியாளருக்கு மாதம் 12,000 என்றால் வருடத்துக்கு 1,44,000. மைதான விளக்குக்கு மாதம் 2,000 வைத்தால் 24,000. 25 பையன்களுக்கு வாரம் மூன்று நாள் முட்டையும் வாழைப்பழமும், தலைக்கு 15 ரூபாய் என்றால் 50 வாரத்துக்கு 56,250. மொத்தம் 2,24,250. விபத்துக் காப்பீடு, முதலுதவிப் பெட்டி, பந்து, கயிறு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்று முடித்துக்கொள்ளலாம். வருடம் 1,000 ரூபாய் கொடுக்க 250 பேர் இருந்தால் போதும். மாதம் 85 ரூபாய்கூட இல்லை. 'இளைஞர் நலனுக்கு நிதி' என்று போய் நின்றால் நூறு ரூபாய் கொடுத்து அனுப்புவார்கள். 'ஒரு வருடத்துக்கு ராத்திரி விளக்கு எரிய 24,000 வேணுங்க' என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரே ஏற்றுக்கொள்வார்.

விளக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் ஊரில் பள்ளியை விட்டுவிட்டுத் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற பையன்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வருகிறவனுக்குச் சாயங்காலம் ஐந்து மணிப் பயிற்சியால் என்ன பயன்? சனிக்கிழமை சம்பளம் கையில் விழுந்த ராத்திரிதான் கைகலப்பு அதிகம். அந்த ராத்திரி மைதானத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும். ஆட்டம் முடிந்து பத்து மணிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வசூல் முறைக்கு மொய் நோட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நம் ஆட்களுக்குப் பழகிய விஷயம்: எழுதினால் கணக்கு இருக்கும், மைக்கில் வாசித்தால் மரியாதை இருக்கும். போட்டி நடக்கும் இடத்தில் ஒரு மேசை, இரண்டு பேர், எண் போட்ட ரசீதுப் புத்தகம், யுபிஐ அட்டை. யுபிஐ மன்றத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், எவருடைய சொந்த நம்பருக்கும் போகக் கூடாது. மைக்கில் வாசிக்கும்போது பெயரும் ஊரும் மட்டும், சாதிப் பட்டம் யாருக்கும் வேண்டாம். ஒருவருக்குப் பட்டத்தோடும் இன்னொருவருக்கு வெறும் பெயரோடும் வாசித்தால், கலந்த அணி போட்டு எட்டு வாரம் பாடுபட்டதை ஒரு ராத்திரியில் கெடுத்துவிடுவீர்கள். நூறு ரூபாய் கொடுத்தவர் பெயரையும் வாசியுங்கள்.

எங்கள் பக்கம் நன்றாகப் போன இன்னொன்று புள்ளி நன்கொடை. இறுதியாட்டத்தில் விழும் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய் என்று ஒரு தறி முதலாளி ஏற்றுக்கொண்டால், இரண்டு அணியும் சேர்ந்து 60 புள்ளி எடுக்கும்போது 30,000 ஆகிவிடும். கூட்டம் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டும், ஏனென்றால் யார் எடுத்தாலும் பணம் ஊருக்கு. உச்ச வரம்பை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மகளிர் குழுவிடம் சாப்பாட்டுக் கடையை விடுங்கள். சந்தகையும் கச்சாயமும் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடும். லாபத்தில் பாதி அவர்களுக்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் அதே மைதானத்தில் எறிபந்துக்கோ கபடிக்கோ நேரம் ஒதுக்குங்கள், பணம் கேட்கும்போது மட்டும் அவர்கள் நினைவுக்கு வரக் கூடாது.

குலுக்கல் சீட்டு விற்காதீர்கள். பைக் பரிசு, ஐம்பது ரூபாய் டிக்கெட் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது, வீணாக வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். பந்தயம் கட்டுகிறவர்களையும் சாராயக் காசையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். நோம்பிச் சண்டைக்குத் தூண்டிவிட்ட ஆட்களே பெரிய தொகையோடு வருவார்கள், என் அனுபவத்தில் இது நடக்காத ஊரே இல்லை. வாங்கினால் அடுத்த வருடம் பேனரில் அவர் படம்தான் பெரிதாக இருக்கும். பேனர் என்றதும் ஞாபகம் வருகிறது: 2017-ல் கோவை அவிநாசி சாலையில் அலங்கார வளைவு காரணமாக ஓர் இளைஞர் உயிரே போனது. சாலையில் எதுவும் நடாதீர்கள். துண்டு நோட்டீஸும் வாட்ஸ்அப்பும் போதும்.

பெரிய கம்பெனிப் பணம் வேண்டும் என்றால் விஷயம் தெரிந்து போங்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் செய்வது அந்தக் கணக்கில் சேராது என்று 2014-லேயே அரசு சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் போட்டி நோட்டீஸை எடுத்துக்கொண்டு போகாமல், வருடப் பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பணம் வாங்கும் அமைப்பு பதிவு பெற்றதாக, வரிவிலக்குச் சான்றுகளோடு, மூன்று வருடம் வேலை செய்த தடத்தோடு இருக்க வேண்டும். உங்கள் மன்றத்துக்கு இப்போது அது இருக்காது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே இயங்கும் ஓர் அறக்கட்டளை வழியாகப் போங்கள், அதற்குள் மன்றத்தைச் சங்கமாகப் பதிவு செய்துவிடுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் சான்று (80ஜி என்று சொல்லிப் பழகியது) வந்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்காது, அதைச் சொல்லி வங்கி வழியாக வாங்குங்கள்.

அரசிடம் இருப்பதையும் கேட்டு வாங்குங்கள். 2024-லிருந்து ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்திருக்கிறார்கள். பல இடங்களில் அது பிரிக்காத அட்டைப்பெட்டியாக அலுவலக மூலையில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். விளக்குக் கம்பம், சுற்றுவேலி மாதிரி நிலையான வேலைகளுக்கு, மக்கள் ஒரு பங்கைக் கட்டி மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்தில் மனு கொடுக்கலாம்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கொடுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, ஆட்டம் நீண்டால் விசிலோடு நடத்துங்கள். நடுவர்களை மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்திடம் கேட்டு வெளியூரிலிருந்து எடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவனுக்குப் பெற்றோர் கையெழுத்து. பயிற்சியின்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள், பையன்களைத் தனியாகக் கூட்டிப்போகும் பழக்கம் யாருக்கும் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கணக்கைப் போட்டி முடிந்த பதினைந்து நாளுக்குள் கோயில் திண்ணையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டிவிடுங்கள், மூன்று ரூபாய் வித்தியாசம் இருந்தால் அதையும் எழுதி.

நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வழக்கில் இருக்கும் மூன்று பேரில் எவனாவது பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அவன் பெயரும் படமும் வெளியே வரக் கூடாது, அது சட்டம். 'இவன் திருந்திவிட்டான்' என்று மேடையில் ஏற்றிக் கைதட்டல் வாங்கவும் கூடாது. ஜாமீன் நிபந்தனையில் எதிர்த்தரப்பைச் சந்திக்கக் கூடாது என்று இருக்கலாம், வக்கீலிடம் கேட்டுக்கொண்டு அவர்களை எப்போது லீக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். முதல் நடை வெட்டுப்பட்ட பையன் வீட்டுக்கு. மன்றத்து ஆட்கள் நாலு தெருவிலிருந்தும் ஒவ்வொருவராகச் சேர்ந்து போங்கள், ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு அவனிடம் பேசுங்கள். வெட்டுப்பட்டது இடது கை என்றால் ஸ்கோர் ஷீட் எழுதச் சொல்லுங்கள். வலது கை என்றால், எங்கள் மைதானத்தில் ஒரு பழைய விசில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். எட்டு வாரத்துக்குள் நடுவர் வேலை கற்றுக்கொடுத்துவிடலாம்.